ஒத்துவராத தலை

இருபது பேரில் பத்தொன்பது பேருக்குக் குறட்டை குறைந்துவிட்டது. இருபதாவது ஆளுக்கு மட்டும் கூடியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் உறக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவளை எல்லோரும் 'தலையணை மேடம்' என்றுதான் சொல்வார்கள். தலைக்கு ஒரு பள்ளம், கழுத்துக்கு ஒரு மேடு என்று அவளே யோசித்து உருவாக்கிய தலையணையை, பேருந்துப் பணிமனையின் ஓட்டுநர்கள் இருபது பேருக்குக் கொடுத்திருந்தாள். வாரம் ஒரு முறை அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, வீட்டுக்காரர் குறட்டை இப்போது எப்படி என்று மனைவியிடம் கேட்பாள். பத்தொன்பது வீட்டிலிருந்தும் தேன் தடவிய பதில் வந்தது. சத்தமே இல்லை, நல்ல தூக்கம், உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும் என்றார்கள்.

இருபதாவது ஓட்டுநருக்குப் பணிமனையில் 'ஹாரன்' என்று பெயர். பேருந்தில் அவர் ஹாரன் அடிப்பதே இல்லை. ஓய்வறையில் அவரோடு படுத்தவர்கள் வைத்த பெயர் அது. அவர் மனைவி தொலைபேசியில் விவரமாகவே சொன்னாள்.

"முன்னாடி பக்கத்து ரூம் வரைக்கும்தான் கேக்கும் மேடம். இப்போ கீழ் வீட்டுக்காரங்க மேல வந்து என்ன ரிப்பேர்னு கேக்கறாங்க."

அவள் கட்டுரை வாசிக்க வேண்டிய கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் ஏற்கெனவே கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இந்தத் தலையணையைப் பற்றிப் பீற்றிக்கொண்டாகிவிட்டது. மெத்தைக் கம்பெனிக்காரர்களிடமும் பேசிவைத்திருந்தார். ஹாரன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோத்துல ஒரு கல்லு கிடந்தா எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடறோம். அதுக்காகப் பானையைக் கவுக்கறமா?"

காரணமில்லாமல் ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாதே என்றாள் அவள். சொன்னபடி தலையணையைப் பயன்படுத்தாதவரை மட்டும்தான் நீக்கலாம் என்பது ஆராய்ச்சி தொடங்கும் முன்பே அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி. அப்படியென்றால் அவர் ஒழுங்காக வைத்துப் படுக்கவில்லை என்று பார்த்துவிட்டு வா என்றார் தலைவர். அவளுடைய தற்காலிக வேலையை நீட்டிக்கும் காகிதம் அவர் மேசையில்தான் கிடந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

போகிற வழியெல்லாம், மனிதர் தலையணையைக் காலுக்கு வைத்திருக்க வேண்டும் என்றே அவள் வேண்டிக்கொண்டு போனாள்.

ஹாரன் வீடு ஒரு மாடிப் பகுதி. இரண்டே அறை. அவள் கொடுத்த செய்முறைத் தாளைப் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். செய்துகாட்டச் சொன்னதும், ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு கொடுப்பவர்போல விறைப்பாகப் படுத்தார். மேடு கழுத்தடியில், தலை பள்ளத்தில், கை இரண்டும் பக்கவாட்டில். ஓர் அங்குலம் பிசகில்லை. "சரியா மேடம்?" என்று கேட்டவர், அவள் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார். அலமாரியில் இருந்த டம்ளர் மெல்ல நகர ஆரம்பித்தது.

"பழைய தலகாணியைக் குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கறாரு. மேடத்துக்கு வாக்கு குடுத்துட்டேன்கறாரு" என்றாள் மனைவி, டம்ளரைப் பழக்கப்பட்ட கையால் பிடித்து உள்ளே தள்ளியபடி.

ஒருவேளை அந்தத் தலையணையின் பஞ்சு சரியில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. உடனே புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். பழையது கொஞ்சம் அமுங்கியிருந்தது, புதியது கல்லுக் குண்டாக நிமிர்ந்து நின்றது. ஆகவே குறட்டை இன்னும் ஒரு படி ஏறியது. கீழ் வீட்டுக்காரர் இந்த முறை மாடிக்கு வரவில்லை, நேரே வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்விட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பேச்சு வந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று அவள் அந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், இது அறிவியல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிவிட்டு வந்தாள்.

அடுத்து மூக்கு. மூக்கில் ஏதாவது கோளாறு இருந்தால் அதையே காரணமாகக் காட்டலாமே என்று தன் செலவில் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை தாராளமான மூக்கைத் தன் அனுபவத்திலேயே பார்த்ததில்லை, நெடுஞ்சாலை மாதிரி இருக்கிறது என்றார். ஹாரனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பெற்ற தாய்கூடத் தன் மூக்கைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள். அந்த மனிதரைத் தூக்கி எறியத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதே.

கடைசியில் துறைத்தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஊரை விட்டுப் போயிட்டாரு, தொடர்பு கொள்ள முடியலைன்னு ஒரு வரி போட்டுடு. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஊரை விட்டுப் போனவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நேற்றிலிருந்து கழுத்து வலியும் சேர்ந்துகொண்டது, மேடு ரொம்ப உயரம்போல, தொலைபேசியில் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும் என்று நேரிலேயே வந்தேன் என்றார். துறைத்தலைவர் எழுந்துபோய், சன்னலுக்கு வெளியே எதையோ தேடுபவர்போல நின்றுகொண்டார்.

அவளுக்கு அப்போதும் ஒரு சபலம் எட்டிப்பார்த்தது. அவராகவே விலகினால் பொய் சொல்ல வேண்டியதில்லையே. இவ்வளவு சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்களேன், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள்.

ஹாரன் பதறிப்போனார். "நான் விலகிட்டா உங்க கணக்கு உதைக்காதா மேடம்?"

அவர் இருந்தால்தான் கணக்கு உதைக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அவரை உட்காரவைத்து, கழுத்தில் எங்கே வலி, எப்போது வலி என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் போனதும் தலைவரிடம் சொன்னாள்.

"இவரை எடுக்க முடியாது சார். சோத்துல கிடக்கற கல்லுதான்னு நமக்கு நிச்சயமாத் தெரியாதே."

"அப்போ என் பேரை எடுத்துடு" என்றார் அவர், சன்னலைவிட்டுத் திரும்பாமலே.

எடுத்தாள். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தன் பெயர் மட்டும் தனியாக நின்றது. வேலை போய்விடும் என்று ஏறக்குறைய முடிவே செய்துகொண்டாள். ஆனால் அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு படுத்ததும் தூக்கம் வந்தது, அதுவும் சாதாரணத் தலையணையில்.

கருத்தரங்கில் பத்தொன்பது பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். ஹாரனைப் பற்றி விரிவாகச் சொன்னாள். தலையணையை மாற்றியது, மூக்கைக் காட்டியது, அவரை எப்படியாவது நீக்கிவிட அலைந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. நெடுஞ்சாலை மூக்கு வந்ததும் அரங்கமே சிரித்தது. மேடையில் தலைமை வகித்த நரைத்த தலை விஞ்ஞானி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒத்துவராதவரை வீடு தேடிப் போய்ப் பார்த்திருக்கீங்க. ஒத்துவந்த பத்தொன்பது பேர்ல எத்தனை பேரைப் போய்ப் பார்த்தீங்க?"

"ஒருத்தரையும் பார்க்கல மேடம்."

"பார்த்துட்டு வாங்க. என்ன இருக்கோ அதை அப்படியே எழுதுங்க." அந்த அம்மாள் ஒலிவாங்கியை அருகே இழுத்தார். "உங்க இடத்துல உங்களுக்கு வேலை இல்லைன்னு சொன்னாங்கன்னா, என் ஆய்வகத்துக்கு வாங்க. இவ்வளவு பேர் முன்னாடி தன் தப்பைச் சொல்ற ஆளு எனக்கு வேணும்."

கால் தரையில் பாவாமல் ஊர் திரும்பினாள். முதல் வேலையாக, ஹாரன் சொன்ன அந்த உயரத்தை எடுத்துக்கொண்டாள். ரொட்டி வெட்டும் கத்தியால் தன் கையாலேயே பஞ்சின் மேட்டைச் சீவித் தாழ்த்தி, அவருக்கே கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலையில் அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். நடு இரவில் சத்தம் நின்றுபோனதில் திடுக்கிட்டு எழுந்து, மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, அப்போதும் நம்பிக்கை வராமல் அவரை உலுக்கி எழுப்பிவிட்டாளாம். நல்ல தூக்கத்தைக் கெடுத்துவிட்டாய் என்று அவர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாராம். தலையணை மேடம் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒரு ராத்திரியை வைத்து எதுவும் சொல்லக் கூடாதம்மா என்று தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

மேட்டைத் தாழ்த்திய தலையணைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பணிமனைக் குடியிருப்புக்குப் போனாள். ஹாரனைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். முதல் வீட்டு ஓட்டுநரின் மனைவி வாய் நிறைய வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தொலைபேசியில் எப்போதும் முதலில் புகழ்பவள் அவள்தான். பழைய தலையணையைக் கொடுங்கள், புதியது தருகிறேன் என்றதும் அவள் முகம் மாறியது. உள்ளே போனாள், வெறுங்கையோடு வந்தாள். மறுபடியும் உள்ளே போனாள். கடைசியில் தயங்கித் தயங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேடெல்லாம் நகக் கீறல். பள்ளத்தில் கச்சிதமாகச் சுருண்டு ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது, குறட்டை இல்லாமல்.

தலையணை மேடம் பூனையையே பார்த்தாள். பக்கத்து வீடுகளில் எப்படி என்று மட்டும் ஈனஸ்வரத்தில் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். வாராவாரம் அவ்ளோ ஆசையாக் கேப்பீங்க, நல்லா இல்லைன்னு சொல்ல யாருக்கும் மனசு வரலை" என்றாள் ஓட்டுநரின் மனைவி, பூனையைத் தடவிக்கொண்டே. "அதைத் தலைக்கு வச்சுப் படுத்தது ஹாரன் அண்ணன் ஒருத்தர்தான்."