தீர்த்தகிரி டிப்பர் ஓனரான கதை

இந்தப் பிறவியில் இனிமேல் புளிக்குக் காவல் இருப்பதில்லை என்று கல்லாவி தீர்த்தகிரி சபதம் செய்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி சரோஜம்மாள் பக்கத்தில் இருந்தாள்.

ஓசூர் ஃபேக்டரியில் ஒரு லைன் முழுக்க ஆட்களை மேய்த்த சூப்பர்வைசர் அவர். ரிட்டயராகிச் சொந்த ஊரான கல்லாவிக்கு வந்ததும் சரோஜம்மாள் அவர் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, வாசலில் காயும் புளிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டாள். ஆடு வந்தால் விரட்ட வேண்டும். குரங்கு வந்தால் விரட்ட வேண்டும். மேகம் கறுத்தால் மொத்தத்தையும் வாரி உள்ளே புளி ரூமில் போட வேண்டும். மாசி, பங்குனி முழுக்க இதே உத்தியோகம். ஷிஃப்டும் கிடையாது, லீவும் கிடையாது. குரங்குகளுக்குக்கூட அவரிடம் பயம் விட்டுப்போயிற்று.

தப்பிக்க ஒரே வழி, லாரி ஓனர் ஆகிவிடுவது. ஜல்லி லோடு அடிக்கிற மனுஷனைப் புளி காக்கச் சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கும் வாய் வராது. ஓசூரில் பழைய இரும்பு போடுகிற இடத்தில், மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி ஒன்று நின்றது. முன்னால் இன்ஜின், பின்னால் வெறும் எலும்பு. அதை வாங்கி, மேலே ஒரு டிப்பர் பாடி கட்டிவிட்டால் போதும்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பாடி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று சரோஜம்மாள் விசாரித்தாள். லீவரை இழுத்தால் உள்ளே இருப்பது மிச்சமில்லாமல் சரியுமா என்றும் கேட்டுக்கொண்டாள். பிறகு, செய்யுங்க என்றாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டவுடன் கிடைத்த முதல் சம்மதம் அதுதான். அங்கேயே மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. அடுத்த தப்பை அவரே தேடிப்போய்ச் செய்தார். குந்தாரப்பள்ளி ரோட்டோரம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த திம்மராயனிடம் வேலையை ஒப்படைத்தார். திம்மராயன் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் சரோஜம்மாள் பிறந்த ஊர்க்காரன். அவளை அக்கா என்பான், இவரை மாமா என்பான். பெண்டாட்டி ஊர்க்காரனிடம் பஞ்சாயத்துக்கும் போகக்கூடாது, பட்டறைக்கும் போகக்கூடாது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

வேலை நடக்கும்போது சரோஜம்மாள் ஒரு தடவை, தம்பிக்குக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பட்டறைக்குப் போய் வந்தாள். எவ்வளவு பாசமான பெண் என்று தீர்த்தகிரி பூரித்துப்போனார்.

வண்டி ரெடியானது. ஆனால் திம்மராயன் அதை ஓட்டிப்போக விடவில்லை. பூசை போடாத வண்டி தானாக ஓடி வீட்டுக்குப் போகக்கூடாது, எங்கள் ஊரில் அப்படித்தான் என்றான். மாமனார் ஊர் வழக்கமாயிற்றே, மறுக்க முடியுமா? டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மாப்பிள்ளை அழைப்புக் காரில் வருகிறவர் மாதிரி தீர்த்தகிரி ஊர்வலம் வந்தார். எங்கே நிறுத்துவது என்று சரோஜம்மாள் கை காட்டினாள். வேப்பமர நிழலை விட்டுவிட்டு, நாள் முழுக்க வெயில் கொளுத்துகிற இடத்தைக் காட்டினாள். வண்டியின் பின்பக்கம் புளி ரூம் வாசலைப் பார்த்திருக்க வேண்டுமாம்.

பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. தீர்த்தகிரி இன்ஜினைக் கிளப்பி லீவரை இழுத்தார். பாடி மெல்ல எழுந்து வானத்தைப் பார்த்தது. தெருவே கைதட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாடியை இறக்கிவிட்டு, ஊத்தங்கரை வரை ஒரு ரவுண்டு போய்வரலாமென்று முதல் கியரைப் போட்டார்.

இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ரிவர்ஸ். கீழே எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் வைத்தது வைத்தபடி இருந்தன.

"என்னடா திம்மராயா, நவுர மாட்டேங்குது?"

திம்மராயன் தலையைச் சொறிந்தான். "இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல ஷாஃப்ட் இருந்தாதான மாமா நவுரும்."

"அது எங்கடா போச்சு?"

"அக்கா கழட்டச் சொல்லிடுச்சு. தூக்கி எறக்குனா போதும், ஓட வேணாம்னுச்சு."

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். சரோஜம்மாள் ஏணி போட்டு மேலே ஏறி, தோசைக்கல்லாகச் சுடுகிற பாடிக்குள் முதல் கூடைப் புளியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கு எட்டாத உயரம். மேகம் வந்தால் ஒரு லீவர். மொத்தமும் புளி ரூம் வாசலில்.

"அந்த ஷாஃப்ட்ட எப்ப குடுப்ப சரோஜா?" என்றார், அழாத குறையாக.

"புளி முடியட்டும். அப்பறம் கேவுரு காயணும், அது முடிஞ்சு பாக்கலாம்."

அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"எறங்காதீங்க, அங்கியே குந்துங்க" என்றாள் சரோஜம்மாள். "கொரங்கு வந்தா ஆரன் அடிங்க."