நீர்நாய்கள் இறுதி ஆட்டத்துக்குப் போவதால் ட்ரீனாவின் கல்யாணத் தேதி மாற்றம்

ஆஷ்பி கிராஸிங், அயோவா
ஏப்ரல் 28, திங்கள்

மதிப்புக்குரிய மைத்துனர், பாதிரியார் ஆர்டெல் நைகார்ட் அவர்களுக்கு,

மெர்ல் ஹோவிக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை லோர்னாவின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே எல்லா முழங்கால்களும் சுகமென்று நம்புகிறேன். பத்து மைல்தானே, நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

நேற்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, இரண்டாவது காபிக்கும் மூன்றாவது காபிக்கும் இடையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த ஆண்டு முதல் நம் ஆஷ்பி கல்லூரி அணியான நீர்நாய்களின் ஃபுட்பால் ஆட்டங்களைக் கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்ப்பேன். பதினெட்டு வருடங்களாக முக்கால் ஆட்டத்தில் எழுந்து, மிச்சத்தை காரில் ரேடியோவில் கேட்டுக்கொண்டே வீடு திரும்புகிறவன் நான். ஆகவே லோர்னாவிடம் எழுந்து நின்று அறிவித்தேன். "சரி, அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

இதற்குக் காரணம் ராய்ஸ் டக்கெட். ஜனவரியில் டெக்சாஸிலிருந்து வந்திருக்கும் புதிய தடுப்புப் பயிற்சியாளர். முன்பிருந்தவரும் நல்ல மனிதர்தான். எதிரணி பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தால் வழிவிட்டு நிற்பதும், பாயிண்ட் எடுத்து எடுத்து அவர்களே களைத்துவிடுவார்கள் என்று காத்திருப்பதும் அவருடைய தத்துவம். போன வருஷம் ஆட்டத்துக்கு நாற்பத்தொரு பாயிண்ட் வீதம் காத்திருந்தோம். யாரும் களைக்கவில்லை. டக்கெட் அப்படியல்ல. மார்ச் மாதம் தீயணைப்பு நிலையத்தில் நடந்த பான்கேக் விருந்தில் மேஜைமேல் ஏறி நின்று, "இனிமே நம்ம பக்கம் ஒருத்தனும் நுழைய முடியாது. கதவைப் பூட்டியாச்சு" என்றார். பின்வரிசையிலிருந்து க்ளாரன்ஸ் வாஸ், "சாவி யார்கிட்ட இருக்கு கோச்?" என்று கத்தினான். "எங்கிட்டதான்யா!" என்றார். பன்றி வளர்க்கிற பெரிய மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை அணியின் வசந்தகால ஆட்டம் நடந்தது. நம் தடுப்பு வரிசை ஒரு பாயிண்ட் விடவில்லை. ஒன்றுகூட! ஆட்டம் முடிந்து டாட்டின் காபிக்கடையில் உட்கார இடமில்லை. "இது போதும்டா, லீக்கே நம்மளுதுதான்" என்றான் க்ளாரன்ஸ். அச்சகம் வைத்திருக்கும் ஜீன் பிட்னர் நாப்கினில் கணக்குப் போட்டு, எதிரி பூஜ்யம் எடுத்தால் நாம் எப்படியும் தோற்க முடியாதென்று நிரூபித்தான். வீட்டுக்கு வந்து லோர்னாவிடம் சொன்னேன். அவள், "எதிர்ல ஆடினது யாரு?" என்றாள். வசந்தகால ஆட்டத்தில் எதிரில் யார் ஆடுவார்கள், நம்ம பசங்கதான், நம்ம தாக்கும் வரிசைதான், இதுகூடவா தெரியாது என்றேன். "அப்ப நம்மளால ஒரு பாயிண்ட்கூட எடுக்க முடியலன்னு சொல்லுங்க" என்றாள். உங்கள் குடும்பத்தார் எதையும் கோணலாகவே பார்ப்பீர்கள் என்பதை உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டங்கள் நடக்கும் இலையுதிர் காலச் சனிக்கிழமையில் இந்த ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். டிசம்பர் முதல் சனிக்கிழமைதான் நம் முகூர்த்தம். அன்று லீக்கின் இறுதி ஆட்டம், முப்பத்துநாலு வருஷமாக அதில் நமக்கு வேலை இருந்ததில்லை. எனக்கும் லோர்னாவுக்கும் அன்றுதான் கல்யாணமாயிற்று, நடத்திவைத்தவர் நீங்கள், ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண நாள் அதுவேதான், கேக் கடை எல்மர் அன்றைக்கு மட்டும் இரண்டு அடுப்பு கூடுதலாகப் போடுகிறான். மகள் ட்ரீனாவுக்கும் அதையே, டிசம்பர் ஆறாம் தேதியையே, குறித்திருந்தோம். ஆனால் இந்த வருஷம் அன்று நாம் இறுதி ஆட்டத்தில் இருப்போம், சர்ச்சில் பெண்ணும் நீங்களும் மட்டும் நின்றால் நன்றாகவா இருக்கும்? மாப்பிள்ளை டெரிக்கிடம் சொன்னேன், தலையாட்டினான், அவன் கல்லூரியில் கிளாரினெட் வாசித்தவன், எதற்கும் தலையாட்டுவான். ட்ரீனாதான், "அப்பா, எனக்குப் பனி கொட்டறப்ப கல்யாணம் பண்ணிக்கணும், ஆறு வயசுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்று அழுதாள். லோர்னா, "நீங்க இல்லாமலே கல்யாணம் நடக்கும், யோசிச்சுக்குங்க" என்றாள். நான் யோசித்தேன். யோசித்து, நீர்நாய்களுக்கு ஆட்டமில்லாத ஒரே சனிக்கிழமையான அக்டோபர் 18-க்குத் தேதியை மாற்றி, இன்று காலை ஜீனிடம் அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் ஆறாம் தேதி இனி எங்களுக்கு வேண்டாமென்று காபிக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியும் வைத்தேன்.

ஒரேயொரு சின்னச் சிக்கல். அன்று ஆட்டமில்லை என்பதாலேயே உங்கள் சர்ச்சின் வருடாந்திர மீன் விருந்தும் அன்றுதான் நடக்கிறது. சோடாக்கார நீரில் ஊறிய அந்த மீனைக் கீழ்க்கூடத்தில் ஐந்நூறு பேருக்கு வேகவைக்கும்போது மேலே சர்ச்சில் நிற்பவர்கள் அந்த நாற்றத்தில் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே மீன் விருந்தை டிசம்பர் ஆறாம் தேதிக்குத் தள்ளிவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று ஊரே ஸ்டேடியத்தில் இருக்கும். யாரும் அந்த மீனைத் தின்ன வேண்டியிருக்காது. எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

உங்கள் மனைவி இன்கிரிடுக்கு என் அன்பு. கடவுள் உங்கள் சபையையும், உங்கள் சோளத்தையும், டக்கெட்டின் இரண்டு மூலைத் தடுப்பாளர்களின் தொடை நரம்புகளையும் காத்தருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மெர்ல்

பின்குறிப்பு, வியாழன்: தபால்தலை வாங்கப் போன இடத்தில் பேப்பர் பார்த்தேன். டக்கெட் டெக்சாஸிலேயே ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். இங்கே அவர் இருந்தது நூற்றுமூன்று நாள், ஆடியது ஓர் ஆட்டம், விட்ட பாயிண்ட் பூஜ்யம். கல்லூரி வரலாற்றிலேயே இதுதான் சிறந்த தடுப்பு என்று போட்டிருக்கிறார்கள். சாவியைப் பற்றி ஒன்றுமில்லை. பழைய பயிற்சியாளரே திரும்பி வருகிறாராம். நான் உடனே உங்கள் சர்ச் ஆபீஸில் டிசம்பர் ஆறாம் தேதியைத் திரும்பக் கேட்டேன். திங்கட்கிழமை நான் காபிக்கடையை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிஷம் எல்மர் தன் மகளுக்காக உங்களிடம் பதிவு செய்துவிட்டானாம். மீன் விருந்தையாவது தள்ளிவைக்கச் சொல்லி லோர்னாவும் உங்களுக்கு போன் செய்தாளாம். மீன் விருந்து 1931-லிருந்து ஆட்டமில்லாத அந்தச் சனிக்கிழமையில்தான் நடக்கிறது, ட்ரீனா பிறந்து இருபத்தாறு வருஷம்தான் ஆகிறது என்றீர்களாம். அழைப்பிதழ்கள் நேற்றே வந்துவிட்டன, இருநூற்றைம்பது. உங்களுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாணம் அக்டோபர் 18, மாலை நாலு மணி. மீன் நாலரைக்கு.