சாப்பாட்டறைச் சித்திரத்தில் நிற்கும் சிறுமி

அர்ஜான்தேய்,
ஜூன் 18, 1879, புதன்

பாரிசில் ஓவியம் தீட்டிவரும் மைத்துனர் ஃபிர்மேன் அவர்களுக்கு, ரயில் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டு கொடியசைத்து ஓய்வுபெற்ற அத்தான் அன்செல்ம் எழுதுவது. நானும் உன் அக்கா லெயோன்தீனும் நலம். அப்படித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன், மேலே படி.

ஏப்ரலில் நீ இரண்டு வாரம் தங்கி, எங்கள் வாத்துகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, அன்பளிப்பாக எங்கள் சாப்பாட்டறையை வரைந்து கொடுத்தாயே, அது சம்பந்தமாகத்தான். மேசை சரி, ஜன்னல் சரி, சூப் பாத்திரத்தின் உடைந்த மூடிகூடச் சரி. திரைச்சீலை ஓரம் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாளே, அவள் யார்? கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கே கேட்டேன். "அந்த இடத்துல வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளை தேவைப்பட்டுச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டாய். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் வர்ணத் திட்டு, மூக்குகூடக் கிடையாது. நாலடி தள்ளி நின்றால் நம்மையே பார்க்கிறாள். சரி, பார்த்துத் தொலையட்டும் என்று விட்டேன். மே மாதம் திரைச்சீலையை விட்டு நாற்காலிப் பக்கம் வந்துவிட்டாள்! கண் மங்குகிறதென்று கண்ணாடி மாற்றினேன். புதுக் கண்ணாடியில் இன்னும் கிட்டே தெரிந்தாள். பிறகு அலமாரிக் கதவில், என் இடுப்பு உயரத்தில், ஜாம் அப்பிய விரல் தடங்கள். பூனையைத்தான் விளாசினேன்; பூனைக்குக் கட்டைவிரல் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

போன ஞாயிறு பாதிரியார் சாப்பிட வந்தார். காலி நாற்காலியைப் பார்த்து, "பொண்ணு ரொம்ப அமைதி. அதட்டி வளர்க்கிறீங்களோ?" என்றார். நான் எழுந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தேன், காலிதான். உன் அக்காவோ மறுநாளே மூன்றாவது தட்டு வைத்துவிட்டாள்.

"என்னடி இது?"

"பிள்ளை நின்னுக்கிட்டே இருக்கா. நீங்க மட்டும் உக்காந்து மீன் முள்ளு எடுங்க!"

பதினாறு வருஷத்தில் அவள் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

நேற்று படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். உச்சி வெயில் நேரம், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது, அறைக்குள் மட்டும் மசமசவென்று இருட்டு. விளக்கேற்றினேன், பிரயோஜனமில்லை. உன் அக்கா ஒரு வாய் சாப்பிடாமல், படத்தின் முதுகில் கை வைத்தபடி நின்றாள். கடைசியில் நானே திருப்பினேன். வெளிச்சம் கொட்டியது. சிறுமியின் முகத்தில் இரண்டு புதுக் கோடுகள். தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

ஆகவே ஃபிர்மேன், நாளை உன் அக்கா ரூவானுக்குப் போகிறாள், ஞாயிறுதான் திரும்புவாள். நீ சனிக்கிழமை வர்ணப் பெட்டியோடு வந்து, அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வரைந்து மூடிவிடு. அக்காவுக்குச் சொல்லாதே.

உன் தூரிகைக்கும் வயிற்றுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
அன்செல்ம்

பி.கு. வியாழன். வர வேண்டாம். உன் அக்காவை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால், படத்தில் நாற்காலி இருக்கிறது, சிறுமி இல்லை. ஒரு தும்மல் நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகு தோட்டம், கிணறு, ஆற்றங்கரை என்று தொப்பிகூட இல்லாமல் ஓடினேன். "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரி கேட்டாள். "பொண்ணை" என்றேன். "பேரு என்ன?" என்றாள். நின்றுவிட்டேன். வீட்டு வாசலில் ஏறும்போது ஒரு சின்னக் கை, ஜில்லென்று, என் கையைப் பிடித்தது. நீ வரைகையில் மனதில் வைத்திருந்த பெயரை உடனே தந்தி அடி. இடது கையால் எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். வலது கையை விடமாட்டேன் என்கிறாள்.