பத்துப் புள்ளிக்கு ஒரு பரல் தண்ணீர்

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதாது என்று மேலிடத்துக் கல்விக் கந்தோர் ஒன்று கண்டுபிடித்தது. உடனே அக்கராயன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சுற்றுநிருபம் வந்து சேர்ந்தது. நல்ல காரியம் செய்த பிள்ளைக்கு அந்த இடத்திலேயே ஒரு ரொபி மிட்டாயும் ஒரு புள்ளியும் வழங்கப்பட வேண்டும். வழங்கினால் பிள்ளை அதையே திரும்பத் திரும்பச் செய்யும். வெளிநாட்டில் எலியிலும் புறாவிலும் செய்து பார்த்துத் திருப்தியாம். பத்துப் புள்ளி இல்லாதவருக்கு நற்சான்றிதழ் இல்லை.

ஜெகதீஸ்வரியின் கடைக்குட்டி யதுர்ஷிகா அங்கே பதினோராம் ஆண்டு மாணவி. அவளுக்குப் புள்ளி சைபர்.

தாய் சாமி கும்பிட்ட கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

“சேர், என்ர பிள்ளை விடிய ஆறரைக்கே வந்து குழாய்க் கிணத்தில தண்ணி அடிச்சு முத்தத்துப் பெரிய தகரப் பரலை நிரப்பிறவள். முழுப் பள்ளிக்கூடமும் அதைத்தானே குடிக்குது?”

ஒழுக்க அவதானிப்பு அலுவலர் சிற்றம்பலம் படிவத்தைப் புரட்டினார். “அவதானிப்பு நேரம் எட்டிலயிருந்து பத்து, அம்மா. ஆறரைக்குச் செய்ததை நான் எங்க எழுதுறது?”

“பரல் நிரம்பிக் கிடக்குதே சேர்!”

“அது பரலின்ர நிலைமை. பிள்ளையின்ர நடத்தை இல்லை.”

ஜெகதீஸ்வரி எறும்புக்கும் விலகி நடக்கிற மனுசி. நேரே போய்ப் பரலைத் தோள் கொடுத்துச் சரித்தாள். முற்றம் குளமாயிற்று.

“இப்ப நிரப்பு பிள்ளை. சேர் பாக்கிறார்.”

“அம்மா, உங்களுக்கென்ன விசரே?”

“கதையாமல் அடி!”

யதுர்ஷிகா அழுதழுது அடித்தாள். ஒரு ரொபி, ஒரு புள்ளி.

அடுத்த நாளும் தாய் கவிழ்த்தாள், மகள் நிரப்பினாள், சிற்றம்பலம் எழுதினார். நாலாம் நாள் அழுகை நின்றது. ஏழாம் நாள் அவளே கவிழ்த்தாள். பத்தாம் நாள் சான்றிதழ் கிடைத்தது: ‘மேற்படி மாணவி தன்னலமற்ற சேவை மனப்பான்மை உடையவர்.’ ஜெகதீஸ்வரி அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினாள்.

மறுநாள் ஆறரை தாண்டியும் யதுர்ஷிகா பாயை விட்டு எழும்பவில்லை.

“பிள்ளை, தண்ணி அடிக்கப் போகேல்லையே?”

“பத்தும் எடுத்தாச்சே அம்மா. இனி என்னத்துக்கு?” போர்வையை இழுத்து மூடினாள்.

அன்று பள்ளிக்கூடமே தாகத்தோடு வீடு திரும்பியது.

ஜெகதீஸ்வரி பிள்ளையார் கோயிலில் கண்மூடி நின்றாள். “அப்பனே, என்ர பிள்ளையைப் பழையபடி விடிய எழும்பித் தண்ணி அடிக்க வை. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன். இப்ப இல்லை, அவள் எழும்பினாப் பிறகு.”

பிள்ளையார் ஆச்சரியப்படவில்லை. ஊரே அவரை இப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறது.