ஓய்வெடுக்கும் பட்டாளங்கள்

அடையாறு பாலத்தைக் காத்துக்கொண்டிருந்த பத்ரிநாராயணனின் இரண்டாவது பட்டாளத்தில், திங்கட்கிழமை காலை பாதிப் பேர் செத்துப்போனார்கள். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து ஐந்து உளுத்தம்பருப்புகளைப் பொறுக்கி அவர் டப்பாவில் போட்டார்.

சேதி கொண்டுவந்தவர் ஹபீபுர் ரஹ்மான். ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அதிகாரிகள் ஆடும் யுத்த விளையாட்டை பத்ரிக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவானும் அவரே; மத்தியஸ்தரும் அவரே. ஆடுகிற இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதனால் மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் சைக்கிளில் உத்தரவு சுமப்பது அவர் தலையெழுத்து.

மாம்பலத்தில் இருப்பது மைத்துனன் சுந்தரராமன் வீடு. பத்ரியின் மனைவி ஜானுவும் இப்போது அங்கேதான். "பட்டாளம் ஓய்வெடுக்கறது, கூடத்தைப் பெருக்காதே" என்று, தனியே ஆடிப் பழகிக்கொண்டிருந்த பத்ரி ஒன்பது நாள் சொன்னார். பத்தாம் நாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கூப்பிடப் போனவரை சுந்தரராமன் வாசலிலேயே மடக்கினான். "அந்த விளையாட்டுலயே மாம்பலத்தை ஜெயிச்சு அக்காவை அழைச்சுண்டு போங்கோ, அத்திம்பேர். தோத்தா அவ இங்கதான்."

"இப்ப இன்னா செய்யலாம் சாமி?" என்றார் ஹபீபுர். "பாலத்துலயே புது ஆளுங்கள போட்டு ரொப்பலாம். எண்ணிக்கை சரியாப்பூடும், ரெண்டு நாளைக்கு ஒழுங்கா சுடமாட்டானுங்க. இல்லாங்காட்டி பின்னால இட்டாந்து மூணு நாள் ஓய்வு குடுத்துத் தேத்தலாம்."

"அங்கேயே ரொப்புங்கோ."

செவ்வாய்க்கிழமை புது ஆட்கள் ஓடிப்போனார்கள். புதன்கிழமை பத்ரி அந்தப் பட்டாளத்தைத் தெப்பக்குளத்துக்கு வரவழைத்து ஓய்வு கொடுத்தார். காலியான பாலத்துக்கு முதல் பட்டாளத்தை ஓட்டினார். ஓட்டமாக ஓடியதில் அது களைத்தது. அதற்கு ஓய்வு கொடுக்க மூன்றாவதை அனுப்பினார், அதுவும் களைத்தது. ஒன்று தேறினால் ஒன்று படுத்தது.

எதிரியின் போக்கோ அதைவிடக் குழப்பமாக இருந்தது.

"சைதாப்பேட்டைல பீரங்கிங்களை காவல் இல்லாம வுட்டுட்டு போய்ட்டாங்க சாமி."

"உள்ளே இழுத்து அமுக்கப் பார்க்கறான் சுந்தரராமன். எல்லாரையும் பின்னுக்கு அழைச்சுண்டு வாங்கோ. முழுப் பலத்தோடதான் போகணும்."

முழுப் பலம் என்றைக்கு வரும் என்று பத்ரிக்குத் தெரியவில்லை. ஜானு இல்லாமல் ஒரு வேலையும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் தினமும் இரண்டு தம்ளர் காப்பி போட்டு, ஒன்றைக் குடித்தார், ஒன்றைக் கொட்டினார். சாயங்காலமானால் மாம்பலம் வரை நடந்து, எதிர்ச்சாரியில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்தார். ஒரு நாள் ஜானு இருமுவது கேட்டது. மிளகு கஷாயம் வைத்துக் கொடுக்க யாராவது இருக்கிறார்களோ என்னவோ. எதிரி முகாமுக்குள் தளபதி போகக் கூடாது என்ற சட்டத்தைச் சபித்தபடி திரும்பினார். கூடத்தை அவள் இனி நாளுக்கு நாலு தரம் பெருக்கட்டும், வந்தால் போதும் என்றிருந்தது.

நாலாவது வாரம் அவருடைய சேனை முழுவதும் தெப்பக்குளத்தைச் சுற்றிப் படுத்துக் கிடந்தது. ஹபீபுர் சைக்கிளைச் சாத்திவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"மாம்பலம் கோட்டையில இப்ப ஒத்த ஆள் இல்ல சாமி. நடந்து போனாவே புட்ச்சிடலாம்."

"மூணாம் பட்டாளத்துக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு பாக்கி. தேறாம கிளம்பித் தோத்துட்டா ஜானு வரமாட்டா, ஓய். சுந்தரராமன் லேசுப்பட்டவன் இல்லே. என்னமோ பெரிசா திட்டம் வெச்சிருக்கான்."

ஹபீபுர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க ஆடறது அவுரு இல்ல சாமி, உங்க வூட்டம்மா, உங்ககிட்ட தோக்கறதுக்கு மூணு வாரமா படாதபாடு பட்டுக்கினு கீறாங்க."