மேஜர் மாலை போட்ட கதை

ஐயப்பனுக்கு மாலை போட்டால் மனிதனின் குணம் மாறும் என்பார்கள். என் குணம் மாறியதாக என் மனைவி செல்வி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் மாலை போட்ட வருடம் ஒரு போலீஸ் நாயின் குணம் மாறிப் போனதற்கு மைதானம் நிறையச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

அப்போது நான் புதுச்சேரியில் நாய்ப் பிரிவு கான்ஸ்டபிள். என் பொறுப்பில் இருந்த ஜெர்மன் ஷெப்பர்டின் பெயர் மேஜர். (பதவியில் என்னைவிடப் பெரியவன். அதை நடந்துகொள்ளும் விதத்திலும் காட்டுவான்.) திருடனைத் துரத்திக் கவ்விப் பிடிப்பது அவன் வேலை. அந்தக் கார்த்திகைக் கடைசியில் நாய்களுக்குப் போட்டி வைத்தார்கள். முதலில் கீழ்ப்படிதல், அப்புறம் திருடனைப் பிடிப்பது.

"தோத்தா நாய வேற ஆளுகிட்ட குடுத்துட்டு நீ டிராஃபிக்குக்குப் போவ வேண்டியதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

டிராஃபிக்கூடப் பரவாயில்லை. குட்டியிலிருந்து என் மடியில் வளர்ந்தவனை இன்னொருவன் சங்கிலி பிடித்துக் கூட்டிப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சிக்கல் கறிச்சோற்றில் ஆரம்பித்தது. மாலை போட்டவன் கறியைத் தொடக் கூடாது. அதனால் பக்கத்துக் கூண்டு ஹேண்ட்லர் மேஜருக்குச் சோறு வைத்தார். இரண்டே நாளில் மேஜர் அவரைப் பார்த்து வாலாட்ட ஆரம்பித்தான். எனக்கு வயிறு எரிந்தது. (விரதத்தில் பொறாமைப்படக் கூடாது என்று குருசாமி சொல்லியிருந்தார். அவர் நாய் வளர்த்ததில்லை.)

ஆகவே தினமும் சாயங்காலம் குவார்ட்டர்ஸில் நடக்கும் பஜனைக்கு மேஜரையும் கூட்டிப் போனேன். சாமிகள் சரணம் சொன்னால் அவனும் தலையைத் தூக்கி ஊளையிடுவான். அவர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள். முடிந்ததும் ஒரு கைப்பிடிச் சுண்டலை என் கறுப்பு வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வேன். திரும்பும் வழியில் அவன் மடிப்பை மோந்து பார்த்து, உட்கார்ந்து, வலது முன்னங்காலை நீட்டுவான். நான் கொடுப்பேன். மாலை போட்டவன் எதிரில் வருகிற எல்லாரையும் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். நாய்க்கு மட்டும் விலக்கு உண்டா என்று தெரியாததால், பயிற்சியும் "சிட் சாமி", "ஸ்டே சாமி" என்றே நடந்தது.

போட்டிக்கு முதல் நாள் அரியாங்குப்பம் கலியபெருமாள் வந்தார். திருடனாக ஓடப் போகிறவர் அவர்தான்.

"திருடன்னா கறுப்புத்துணிதான் கட்டணும்னு சொல்லிட்டாங்கப்பா. உங்கிட்ட எதுனா இருக்கா?"

விரதத்தில் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடியில் கிடந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். நான் இவ்வளவு நல்லவனா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கீழ்ப்படிதல் சுற்றில், "சிட் சாமி" என்றேன். மேஜர் உட்கார்ந்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருய்யா சாமி?"

"நாய்தாங்க சாமி."

"அப்ப நான் யாரு?"

"நீங்களும் சாமிதாங்க சாமி."

"கமாண்டுக்கு ஒரு வார்த்தைதான். அடுத்ததைச் சொல்லு."

"டவுன்" என்றேன். மேஜர் என் வாயையே பார்த்தான், மீதியையும் சொல்லி முடிக்கட்டும் என்று. மறுபடி சொன்னேன். மறுபடி பார்த்தான். கடைசியில் இருமுவதுபோல 'சாமி' என்று முனகினேன். உடனே படுத்துவிட்டான். நடுவர் தலையை ஆட்டிக்கொண்டே மார்க்கைக் குறைத்தார்.

இனித் திருடன்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும். கலியபெருமாள் என் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் தடித்த சாக்கு உறையை மாட்டிக்கொண்டு ஓடினார். "அட்டாக் சாமி" என்று கத்தினேன். (போன மார்க் போகட்டும்.) மேஜர் பாய்ந்ததில் ஈர மண் என் முகத்தில் தெறித்தது. கலியபெருமாள் திரும்பி நின்று, கண்ணை இறுக மூடி, உறைக் கையை நீட்டினார். மேஜர் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போனான். இடுப்பு மடிப்பை மோந்தான். உட்கார்ந்தான். வலது முன்னங்காலை நீட்டினான்.

வேட்டியைத் துவைக்காமல் கொடுத்துவிட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எதிர்பார்த்த கடி விழாத பயத்தில் கலியபெருமாள் "சாமியே" என்றார். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர்களில் பாதிப் பேர் மாலை போட்டவர்கள். பழக்க தோஷத்தில் "சரணம் ஐயப்பா" என்றார்கள். மேஜர் தலையைத் தூக்கி ஊளையிட்டான். நடுவர் பேனாவை மூடிவிட்டார்.

நான் ஓடிப் போய் மேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதுதான் கடைசித் தடவை என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதேன். இன்ஸ்பெக்டர் வந்து கலியபெருமாளை வேட்டி மடிப்பை உதறச் சொன்னார். காய்ந்துபோன கொண்டைக்கடலை ஒன்று விழுந்தது.

"அவ்ளோ பெரிய ஆள வுட்டுட்டு இத மோந்து புடிச்சானா?"

"ஆமாங்க சாமி."

"கடிக்கல. பறிக்கல. கண்டுபுடிச்சதும் கம்முனு உக்காந்துட்டான்."

"ஆமாங்க சாமி."

"வெடிகுண்டு மோப்பத்துக்கு மாசக்கணக்கா இதத்தான்யா கத்துக்குடுக்கறோம்." கொஞ்சம் யோசித்தார். "அந்த ஊளைய மட்டும் நிறுத்து. மலைக்குப் போய்ட்டு வந்து ரெண்டு பேரும் அங்க போங்க."

அப்படித்தான் நாங்கள் வெடிகுண்டுப் பிரிவுக்குப் போனோம். அதற்கப்புறம் பணிக்காலம் முழுக்க மேஜர் யாரையும் அட்டாக் செய்யப் போனதில்லை. இப்போது ஓய்வு பெற்று எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். செல்வி எங்களைச் சாப்பிட வா என்று அழைப்பதில்லை. இரண்டு தட்டையும் வைத்துவிட்டு, "அட்டாக் சாமி" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் போய்க் கம்மென்று உட்கார்ந்துகொள்வோம்.