இரண்டிலிருந்து நாலு வரை மனைவி

மோக்போ, நவம்பர்

அன்பு மருமகள் சேர்யோங்குக்கு, மாமனார் பே ஜோங்மான் எழுதுவது. சியோலில் குளிர் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தொண்டையைப் பார்த்துக்கொள்.

முதலில் நன்றி. அறுவடைத் திருநாளன்று, ஓய்வுபெற்றபின் பொழுது போகவில்லை என்று நான் முனகியபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும், "மாமா, உங்களுக்கு எது முக்கியமோ அதை முதல்ல எழுதுங்க, அப்புறம் அதுக்கு நேரம் ஒதுக்குங்க" என்றாய். பல நாள் தயங்கி, 'மனைவி' என்று எழுதினேன். நில அளவைக்காரனாக ஊர் ஊராய் அலைந்தவன் நான். உன் அத்தை ஓக்புனோடு உட்கார்ந்து பேசியது குறைவு. இனியாவது அவள் பக்கத்தில் எனக்கு இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை.

பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஒரு நாளை மணிக்கணக்காகப் பங்கு போட்டு வட்ட அட்டவணை வரைவார்களே, அதுபோல் கிம்ச்சி ஊறுகாய் ஜாடி மூடியை வைத்துக் காகிதத்தில் வட்டம் போட்டு, கோணமானியால் பென்சில் கோடு இழுத்து, ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை மனைவி. அதற்கு மட்டும் ஆரஞ்சு வண்ணம். மறுநாள் சரியாக இரண்டு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்றாள். ஒன்றுமில்லை, உன்னோடு இருக்கிறேன் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் பார்லித் தேநீர் போட்டுக் காத்திருந்தேன்; அவள் பாட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அம்மாதான் கஞ்சிச் சட்டியோடு வந்தார். "ஓக்புன் அக்கா சொன்னாங்க, நீங்க இப்பல்லாம் ஒரு மாதிரியா இருக்கீங்களாம்." மறுக்கத் தைரியமில்லாமல் குடித்தேன்.

அன்று மாலைதான் உன் அத்தை வட்டத்தை நின்று படித்தாள்.

"ஏங்க, நாலு மணிக்கு மேல நான் யாரு?"

வட்டத்தை ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்தெடுத்துப் பழைய காகிதக் கூடையில் போட்டேன். அவள் பூண்டுத் தட்டை என் பக்கம் தள்ளி, "சும்மா நிக்காம உரிங்க" என்றாள். உரித்தேன். நான் ஊரில் இல்லாத ஆண்டுகளில் நடந்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வட்டத்தில் மாலைக்குப் போட்டிருந்த உடற்பயிற்சி நேரம், வாசிப்பு நேரம் எல்லாம் பூண்டுத் தோலோடு போயின. இனி எனக்குத் திட்டம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் நீ அன்று சொல்லாவிட்டால் அந்தத் தட்டு என் பக்கம் வந்திருக்காது. அதற்குத்தான் மறுபடியும் நன்றி.

பனிக்காலம் முழுதும், அடியில் சூடேற்றிய உங்கள் வீட்டுத் தரை வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜோங்மான்

பி.கு.: திட்டம் வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. காலையில் எழுந்து பார்த்தால் வட்டம் மறுபடி ஃபிரிட்ஜில் இருக்கிறது. கோடுகளையெல்லாம் அழித்துவிட்டாள். ஆரஞ்சுத் துண்டு மட்டும் அப்படியே. அதற்குள் அவள் கையெழுத்து: 'பாட்டு வகுப்பு. இந்த நேரத்துல மட்டும் என்னைத் தேடாதீங்க.'